பனிமூட்டம் வேறு, மலையைக் கண்ணாடியாக்குவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மலரின் மாணவர் பக்கத்தில் கணினியில் படம் வரைவது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்தப் பக்கத்தையே வெட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதில் ஒரு வரி இடித்தது. தூரத்து மலை பனியில் மங்கலாகத் தெரிய வேண்டுமென்றால் அந்த லேயரின் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற பட அடுக்கின்) ஒபாசிட்டியை, அதாவது அது கீழுள்ளதை மூடும் அளவை, குறைத்துவிட்டால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். போதாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீண்டுவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் சனி, ஞாயிறு பின்னேரங்களில் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய லேப்டொப் இரண்டு இருக்கிறது, அவற்றில் கிரிட்டா என்ற படம் வரையும் செயலியைப் போட்டிருக்கிறோம், அது இலவசம் என்பதால். மற்றப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் போனில் ஐபிஸ் பெயின்ட்டில் வரைவார்கள். குறிப்பைப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் மூன்று மலைகளை மூன்று லேயர்களில் வரைந்து, பின்னால் போகப் போக ஒபாசிட்டியை 70, 50, 30 என்று குறைத்தார்கள். என்ன ஆனது? நடு மலையின் வயிற்றுக்குள்ளே பின் மலையின் முகட்டுக்கோடு தெரிகிறது. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு, அந்த மலை கண்ணாடி மலையா சேர் என்று கேட்டது. நான் சொல்ல நினைத்ததை அது ஒரே வரியில் சொல்லிவிட்டது.

மலை ஒன்றே ஒன்று என்றால் இந்தத் தவறு யாருக்கும் தெரியாது, பின்னால் வானம் மட்டும்தானே, வானத்தின் நிறம் மலைக்குள் கலந்து பனி மாதிரியே இருக்கும். குறிப்பை எழுதியவரும் அப்படி ஒரு மலையை வைத்துத்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் இங்கே ஒற்றை மலை எங்கே இருக்கிறது? கொட்டகலைப் பக்கம் பார்த்தாலும் மஸ்கெலியாப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடுக்கிவைத்த மாதிரி.

காலையில் ஒருமுறை நின்று பார்த்தால் விஷயம் புரியும். மலை எந்த நேரத்திலும் ஒளி புகாத பொருள்தான். அதற்கும் நம் கண்ணுக்கும் நடுவில் இருக்கிற காற்றும் பனியும்தான் வெளிச்சத்தைச் சிதறடித்துத் தம் நிறத்தை மலைமேல் ஏற்றுகின்றன. அதுவும் ஒரே அளவில் இல்லை. பனி பள்ளத்தில் தேங்கி நிற்பதால் மலையின் அடி வெளுத்துப்போய், முகடு மட்டும் கத்தியால் கீறினது போல் தெளிவாக இருக்கும். ஒபாசிட்டியைக் குறைத்தால் அடியும் முகடும் ஒரே மாதிரி மங்கிப்போகும், அந்தக் கீறல் அழகு போயே போய்விடும்.

நாங்கள் செய்வது இப்படி. ஒவ்வொரு மலையும் 100 வீதம் அப்படியே இருக்கட்டும். அதன்மேல் ஒரு புது லேயர் திறந்து, அதைக் கீழே உள்ள மலையோடு கிளிப் செய்துவிட வேண்டும், அப்போது பூசுவது மலையின் எல்லைக்கு வெளியே வழியாது. கிரிட்டாவில் மலையையும் பனியையும் ஒரே குரூப்புக்குள் வைத்து, பனி லேயரில் இன்ஹெரிட் அல்பாவை அழுத்தினால் அதே வேலை நடக்கும். (குரூப்புக்குள் வைக்காமல் அழுத்திவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று தலையைச் சொறியாத ஆள் இருக்க முடியாது, நானும் சொறிந்தேன்.) அப்புறம் மென்மையான பிரஷ்ஷால் அடியிலிருந்து மேல்நோக்கிப் பனியைப் பூசவேண்டும். பனியின் நிறம் சுத்த வெள்ளை இல்லை, அன்றைய வானத்திலிருந்து எடுத்த நீலம் கலந்த சாம்பல். தூர மலைக்கு நிறைய, நடு மலைக்கு அதில் பாதி, கிட்ட உள்ளதற்குத் தொட்டும் தொடாமலும். மலைகளுக்கு நடுவே மிதந்து போகிற பனிக்குக் கிளிப் செய்யாத தனி லேயர். அதிகமாகப் பூசிவிட்டால் ரப்பரை எடுக்காமல் மாஸ்க் போடச் சொல்வேன், அதில் கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசினால் திரும்பி வரும், மனம் மாறினால் ஒன்றும் நஷ்டமில்லை.

ஒபாசிட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கான இடம் வேறு. மழைநாளில் கொழுந்து எடுக்கப் போகிற அம்மாமார் போட்டுக்கொள்ளும் பொலித்தீனைப் பாருங்கள், அதுதான் உண்மையிலேயே ஒளி ஊடுபுகும் பொருள். உள்ளே சேலையின் நிறம் தெரியும், மடிப்பு விழுந்த இடத்தில் பொலித்தீன் இரண்டாகி இன்னும் வெளுப்பாகத் தெரியும். 30 வீதத்தில் வெள்ளை பூசி அதன்மேலே இன்னொரு 30 பூசினால் எவ்வளவு என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் 60 என்கிறது. இல்லை, 51. முதல் பூச்சு போக மிச்சமுள்ள 70இல்தான் இரண்டாவது 30 வீதத்தை எடுக்கிறது. மூன்றாவது மடிப்புக்கு 66கூட வராது. எத்தனை மடித்தாலும் 100ஐத் தொடாது. கணக்குப் பாடத்தில் வீதம் ஏறாத ஒரு பையனுக்கு இந்தப் பொலித்தீனில்தான் அது ஏறியது.

அதே பொலித்தீனில் மழைத்துளி பட்டு மின்னுகிற இடம் மட்டும் ஒளி புகாதது. அங்கே 100 வீத வெள்ளையைச் சின்னச் சின்னப் புள்ளியாகத் தனி லேயரில் வைக்கவேண்டும். அதை வைக்காதவரை அது பொலித்தீன் மாதிரி இருக்காது, புகை மாதிரி இருக்கும்.

சரி, நிழலுக்கு வருகிறேன், ஏனென்றால் குறிப்பில் அதையும் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். சாம்பல் நிறத்தை எடுத்து ஒபாசிட்டியைக் குறைத்துப் பூசுவது நிழல் இல்லை, அது தேயிலைமேல் சாம்பல் கொட்டினது. நிழலுக்கு மல்டிப்ளை என்ற பிளென்டிங் மோட் (மேல் லேயரின் நிறம் கீழுள்ளதோடு கலக்கும் முறை) இருக்கிறது, பெயரே பெருக்கல்தான். கணினியில் ஒரு நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரையான மூன்று எண்கள். தேயிலைப் பச்சை 90, 140, 60 என்று வைத்துக்கொள்வோம், நிழலுக்கு நீலச்சாயல் உள்ள 120, 130, 180. இரண்டையும் பெருக்கி 255ஆல் வகுத்தால் 42, 71, 42 வரும். இருண்டுவிட்டது, ஆனால் இன்னும் பச்சைதான். அதே பச்சையில் 128 சாம்பலை 60 வீதம் பூசினால் 113, 133, 101 என்று அழுக்காக நிற்கும், இதில் சிவப்பும் நீலமும் முன்பைவிடக் கூடிவேறு இருக்கின்றன. சிவனொளிபாத மலையின் உச்சியில் விடியற்காலையில் நின்றவர்களுக்குத் தெரியும், சூரியன் கிளம்பியதும் மலையின் நிழல் மறுபக்கம் பனியின் மேலும் காட்டின் மேலும் முக்கோணமாக விழும். அந்த முக்கோணத்துக்குள்ளே காடு காடாகவே இருக்கும், நிறம் மட்டும் ஆழமாகும். பெருக்கல் அங்கே கண்முன்னே நடக்கிறது.

அதே மலைக்கு ராத்திரியில் ஏறிப்போகிற பாதையின் விளக்குவரிசைக்கு எதிர்வழி, ஸ்கிரீன் என்ற இன்னொரு பிளென்டிங் மோட். இதில் கறுப்பு காணாமல் போகும், வெளிச்சம் மட்டும் தங்கும். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் புள்ளிகளை வைத்துக் கொஞ்சம் மங்கலாக்கி ஸ்கிரீனில் போட்டால் பனிக்குள் விளக்கெரிகிற மாதிரியே வரும். மல்டிப்ளையில் வெள்ளை காணாமல் போவதால் கொப்பியில் பென்சிலால் வரைந்ததைப் போட்டோ எடுத்துக் கோட்டை மட்டும் பயன்படுத்தவும் அதுவே உதவும், தாள் நன்றாக வெளுத்திருந்தால்.

இன்னொன்று, பலரைக் குழப்புவது. கோயில் கொடியின் சிவப்பையும் பக்கத்துப் பச்சையையும் மென்மையான பிரஷ்ஷால் கலந்தால் நடுவில் ஒரு சேற்று நிறம் வருகிறதே, அது பிள்ளையின் கைக்குற்றம் இல்லை. பெரும்பாலான செயலிகள் திரைக்காகச் சேமித்த எண்களை அப்படியே கூட்டிப் பாதியாக்குகின்றன, அப்போது சிவப்பும் பச்சையும் 128, 128 ஆகின்றன. ஆனால் 128 என்பது பாதி வெளிச்சம் இல்லை, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். வெளிச்சத்தின் கணக்கில் கலந்தால் 188 வரவேண்டும். கிரிட்டாவில் லீனியர் நிறவெளியில் (எண்கள் வெளிச்சத்தின் அளவுக்கு நேராகவே இருக்கும் அமைப்பில்) வேலை செய்தால் இது சரியாகும், போனில் வரைகிறவர்கள் நடுநிறத்தைத் தாங்களே எடுத்துப் பூசிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் தாங்கி நிற்பது ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு சேர்ந்திருக்கிற நான்காவது எண், அல்பா. 1970களின் இறுதியில் எட் கட்மல், அல்வி ரே ஸ்மித் என்ற கணினி வரைகலை ஆய்வாளர்கள் இருவரும் நியூயோர்க்கில் யோசித்தது, 1984இல் தோமஸ் போர்ட்டரும் டொம் டஃப்பும் அதற்கான கணக்கை ஒழுங்காக எழுதிவைத்தார்கள். 0 என்றால் ஒன்றுமில்லை, 255 என்றால் முழுதாக மூடும். ஒன்றுமில்லாத இடத்தைத் திரை சாம்பலும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை போலக் காட்டும். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அதை அழுக்கென்று நினைத்து முழுக்க வெள்ளை பூசி வைத்திருந்தது.

இதைச் சொல்லும்போது எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். தோட்டத்துத் திருவிழாவுக்கு ஒரு பதாகை. வேலுருவம் மட்டும் தனியாக வெட்டி, பின்னணி இல்லாமல் பிஎன்ஜியாகச் சேமித்து, டவுனில் ஒரு பிரிண்ட் கடைக்குப் போனில் படமாக அனுப்பினேன். பத்தடிப் பதாகை வந்தது, வேலைச் சுற்றி ஒரு பெரிய கறுப்புச் சதுரம். கடைக்காரரோடு சண்டை பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் தவறு பாதி என்னுடையது. போனில் படமாக அனுப்பும்போது அது ஜேபெக் ஆகிவிட்டது, ஜேபெக்கில் அல்பாவுக்கு இடமே இல்லை. கோப்பாக அனுப்பியிருந்தால் தப்பியிருக்கும். (கேட்காமல் அடித்தது கடையின் பாதி.) மல்டிப்ளையில் வைத்த நிழலைத் தனியாக பிஎன்ஜி ஆக்கி அனுப்பினாலும் இதே கதிதான், கீழே பெருக்க ஒன்றுமில்லாமல் அது வெறும் நீலச் சாம்பலாக நிற்கும். கீழுள்ள படத்தோடு சேர்த்துத்தான் அனுப்பவேண்டும்.

உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். மாணவர் பக்கத்தில் அந்த வரியைத் திருத்திப் போடுங்கள், முடிந்தால் மூன்று மலையை வைத்து ஒரு சின்னப் படத்தோடு. அடுத்து, சொற்கள். ஒளி புகும், ஒளி கசியும், ஒளி புகா என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்த பிள்ளைக்கு ஒபாசிட்டி என்றால் பயப்பட என்ன இருக்கிறது? ஆனால் உங்கள் குறிப்பில் ஓரிடத்தில் ஒளிபுகுதன்மை என்றும் இன்னோரிடத்தில் ஒபாசிட்டி என்றும் ஒரே பொருளில் வந்திருந்தது. இரண்டும் நேர் எதிர். ஒபாசிட்டி 100 என்றால் ஒன்றும் ஊடே தெரியாது. பிள்ளைகள் அன்று அரைமணி நேரம் சிலைடரைத் தலைகீழாக இழுத்துக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம். திரையில் இருக்கிற ஆங்கிலப் பெயரைத் தமிழெழுத்தில் போட்டுவிட்டு, பக்கத்தில் மூடும் அளவு என்று ஒருமுறை எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

கண்ணாடி மலை வரைந்த பிள்ளை அந்தப் படத்தை அழிக்க மாட்டேன் என்கிறது. உள்ளே தெரிகிற கோட்டில் ஒரு ரயில் வரைந்து, இது சிங்கமலைச் சுரங்கம், உள்ளே போகிற ரயில் வெளியே தெரிகிறது என்கிறது. அதை உங்கள் பக்கத்துக்கு அனுப்பலாமா என்று கேட்கச் சொன்னது. கோப்பாகத்தான் அனுப்புவோம்.

இப்படிக்கு,
சித்திரம் கற்பிக்கும் வாசகர் ஒருவர்,
ஹட்டன்