நீலச் சட்டைக்காரன் வீடு எங்கே?

அல்சூர், பெங்களூர்
8.2.2026, ஞாயிறு

அன்புள்ள மாப்ள,

ஜிடிஏ 6 வீடியோ கேம் பற்றிக் கேட்டு நீ எழுதிய கடிதம் வந்து பத்து நாளாகிறது. சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டே எத்தனையோ கட்டடம் ஏறி இறங்கிவிட்டேன், பதில் எழுத இன்றுதான் நேரம் வாய்த்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. வாக்கர் பிடித்து வாசல்வரை வந்துவிட்டார் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல். என் பேச்சை அம்மா எப்போதும் கேட்பார்.

இங்கே எல்லோரும் சுகம். பாப்பா ஆறாம் வகுப்பு. கன்னடம் என்னைவிட நன்றாக எழுதுகிறாள். எனக்குப் போன மாதம் சூப்பர்வைசர் வேலை கொடுத்தார்கள். சம்பளம் கொஞ்சம் கூடியது, ராத்திரி போன்கள் நிறையவே கூடின. யார் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டாலும் முதல் அழைப்பு எனக்குத்தான். போன வாரம் ஒரு பழைய அபார்ட்மென்ட்டில் கரண்ட் போய், ஒரு பாட்டி ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நாற்பது நிமிஷம் நின்றுவிட்டார். மெஷின் ரூம் ஏறி பிரேக்கைத் தளர்த்தி, கையால் சக்கரத்தைச் சுற்றி இறக்கினோம். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எந்த ஊருப்பா?" என்று தமிழில் கேட்டார். காட்பாடி என்றேன். அன்று தூக்கம் வரவில்லை, மனசு அவ்வளவு நிறைந்திருந்தது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஜிடிஏ 6-ல் அப்படி என்ன வரப்போகிறது, எதற்கு எல்லோரும் தவம் கிடக்கிறார்கள், பையன் அதை ஆட பிஎஸ் 5 பிளேஸ்டேஷன் பெட்டி கேட்கிறான், வாங்கலாமா? இதுதானே? கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நான் எதற்குக் காத்திருக்கிறேன் என்று சொல்கிறேன், அதற்குக் காரணமே நீதான்.

2004, அரைப் பரீட்சை லீவு நினைவிருக்கிறதா? ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய், ஆளுக்குப் பத்து போட்டு, இதே ஜிடிஏ வரிசையின் பழைய ஆட்டம் வைஸ் சிட்டி. என் அரை மணி முழுக்கத் துப்பாக்கியும் டாங்கியும்தான். பான்சர் என்று டைப் அடித்ததும் டாங்கி எங்கிருந்தோ வந்து குதிக்குமே! உன் முறை வந்தால் நீ காரைக்கூடத் தொடமாட்டாய். அன்று கடற்கரை ரோட்டில் ஒரு நீலச் சட்டைக்காரனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாய். அடிக்கவும் இல்லை, சுடவும் இல்லை. "என்னடா பண்றே?" என்றால், "இவன் வீடு எங்கேன்னு பாக்கறேன்" என்றாய். அவன் நடந்தான், நின்றான், திரும்பி அதே ரோட்டில் நடந்தான். ஒரு முனையில் நீ காமிராவை இந்தப் பக்கம் திருப்பி அந்தப் பக்கம் கொண்டுவருவதற்குள் ஆளைக் காணோம். சுவர் ஓரம், சந்து, கடைவாசல் எல்லாம் தேடினாய். அரை மணி முடிந்து திரை அணைந்தபோது உன் முகம் வாடிப்போயிருந்தது. நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது மாப்ள.

அவன் எங்கே போனான் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. அந்த ஆட்டம் முதலில் பிஎஸ் 2-க்காகச் செய்தது. அந்தப் பெட்டியின் மெமரி மொத்தமே 32 எம்பி. அதற்குள் ஓர் ஊரை முழுசாக எப்படி வைப்பது? அதனால் நீ நிற்கும் இடத்தைச் சுற்றி நாலு தெருவை மட்டும் டிஸ்கிலிருந்து எடுத்து விரிக்கும். நீ நகர நகர முன்னால் விரித்துக்கொண்டே பின்னால் சுருட்டிக்கொண்டே வரும், பந்திப் பாய் மாதிரி. சுருட்டும்போது அதில் இருந்த ஆளும் சேர்ந்தே போய்விடுவான். நாம் இன்ஃபெர்னஸ் கார் ஓட்டினால் திடீரென்று தெருவெல்லாம் இன்ஃபெர்னஸாக வருமே, அதுவும் இதனால்தான். ஒரே சமயத்தில் சில கார் மாடல்களைத்தான் மெமரியில் வைக்க முடியும், இருப்பதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். நீலச் சட்டைக்காரனுக்கு வீடு என்று ஒன்று எழுதப்படவே இல்லை. உன் கண் எட்டும் தூரம்தான் அவன் ஆயுசு.

பிஎஸ் 5-ல் 16 ஜிபி. 500 மடங்குக்கு மேல். அந்த ஆளுக்கு இப்போதாவது ஒரு வீடு கிடைக்குமா? என் எதிர்பார்ப்பு மொத்தமும் இந்த ஒன்றுதான்.

மற்றவர்களின் ஆசைகள் வேறு வேறு. முதல் டிரெய்லர் 2023 டிசம்பரில் வந்தபோது ஒரே நாளில் ஒன்பது கோடி முறைக்கு மேல் பார்த்தார்கள். இரண்டாவது எப்போது வரும் என்று நிலாவின் பிறையை வைத்துக் கணக்குப் போட்டவர்களும் உண்டு. இப்போது தெரிந்தது இவ்வளவுதான்: ஃபுளோரிடாவை வைத்துச் செய்த லியோனிடா என்ற மாநிலம், அதில் நம் வைஸ் சிட்டி. நாம் ஆடியது 1986-ல் நடந்த கதை, இது இந்தக் காலம். ஜேசன், லூசியா என்று ஒரு ஜோடி. நகரம் தவிர சதுப்பு நிலம், தீவுகள், மலை. கடைக்குள் முதலை நுழைகிறது, கடற்கரையில் கூட்டம் அலைமோதுகிறது. 2025 மே மாதம் வந்த இரண்டாவது டிரெய்லரின் தொடக்கத்தில் ஜேசன் கூரைமேல் உட்கார்ந்து ஒழுக்கை அடைத்துக்கொண்டிருப்பான். எனக்கு அந்த ஒரு காட்சியே போதும். கூரை ஒழுகுகிறது என்றால் கீழே யாரோ குடியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

இதே வரிசையில் வந்த சான் ஆண்ட்ரியாஸில் இருந்த ஜிம் திரும்ப வேண்டும், நிறையச் சாப்பிட்டால் தொப்பை போட வேண்டும் என்று ஒரு கூட்டம் கேட்கிறது. நான்காவது ஆட்டத்தில் அடிபட்டவன் நிஜ மனுஷன் மாதிரி தள்ளாடி எதையாவது பிடித்துக்கொள்வான், ஐந்தில் அது குறைந்துபோனது, அதை மீண்டும் கொண்டுவா என்று இன்னொரு கூட்டம். எல்லாம் நியாயமான ஆசைகள்தான். ஆனால் வரைபடம் ஐந்தைவிட எத்தனை மடங்கு பெரிசு என்று அளந்துகொண்டே இருப்பவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. ஐந்தாவது ஆட்டத்தின் மலையும் பாலைவனமும் பெரிசுதான், நான் எத்தனை தடவை அங்கே போனேன்? நன்றாகச் செய்த ஒரு தெரு போதும், நான் அங்கேயே ஒரு வருஷம் இருப்பேன்.

எல்லாக் கட்டடத்துக்குள்ளும் போக முடிய வேண்டும் என்பதுதான் இருப்பதிலேயே பெரிய ஆசை. இதில் எனக்குச் சொல்ல விஷயம் உண்டு, பதினேழு வருஷமாக இந்த ஊரில் என் பிழைப்பே கட்டடத்துக்குள் போவதுதானே. 14 மாடி என்றால் பதினான்கும் ஒரே அச்சு. கதவு நிறம்கூட மாறாது. அதை முழுக்கச் செய்து யாருக்கு என்ன லாபம்? ஒரு கட்டடத்துக்கு உயிர் இருப்பது வேறு இடங்களில். வாட்ச்மேன் நாற்காலி, அதன் பக்கத்தில் அவர் டிபன் பாக்ஸ். லிஃப்ட் வாசலில் ஒட்டிய வீட்டு வேலை விளம்பரம். மொட்டை மாடியில் காயும் துணி. ராத்திரி பதினொரு மணிக்கு ஏதோ ஒரு மாடியில் மட்டும் குக்கர் விசில். இவை இருந்தால் மூன்றே கட்டடம் போதும், இல்லாவிட்டால் முந்நூறு கதவு திறந்தும் உள்ளே வெறும் செட்தான். கதவு திறக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கதவுக்குப் பின்னால் ஆள் இருப்பாரா, என்னை நினைவு வைத்திருப்பாரா என்பதுதான் என் கேள்வி.

இது நடக்காத ஆசை இல்லை என்று நான் நம்புவதற்கு ரெட் டெட் 2 என்ற கௌபாய் ஆட்டம்தான் காரணம். 2018-ல் வந்தது, நான் அடுத்த வருஷம் பழைய பிஎஸ் 4 ஒன்று வாங்கி ஆடினேன். ஜிடிஏ செய்யும் அதே ராக்ஸ்டார் கம்பெனிதான் அதையும் செய்தது. அதில் வழியில் போகிறவனைப் பார்த்து வணக்கம் சொல்லலாம், வம்புக்கும் இழுக்கலாம், அதற்குத் தகுந்த மாதிரி அவன் பேசுவான். குற்றம் செய்தால் பார்த்தவன் ஓடிப்போய்ப் புகார் சொன்னால்தான் போலீஸ் வரும். ஓர் ஊருக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள், சில நாள் கழித்து அந்தப் பக்கம் போனால் சுவர் எழும்பியிருக்கும், இன்னும் கொஞ்ச நாளில் கூரை. நீ பார்க்காத நேரத்திலும் வேலை நடந்த மாதிரி ஒரு நினைப்பு வரும். நான் குதிரையை நிறுத்திவிட்டு அந்தச் சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். உன் ஞாபகம்தான் வந்தது. ஆனால் அது சின்ன ஊர், கொஞ்சம் ஜனம். கடற்கரை முழுக்கக் கூட்டம் இருக்கும் நகரத்தில் அத்தனை பேருக்கும் இதைச் செய்வது பெரிய பாடு. நூறில் பத்துப் பேருக்குச் செய்தாலே நான் கும்பிடுவேன்.

அந்த ரெட் டெட் 2-ஐ ராக்ஸ்டாரின் எல்லா ஸ்டுடியோக்களும் சேர்ந்து செய்தன, பெங்களூர் ஸ்டுடியோவும் அதில் ஒன்று. 1997-லேயே இந்த ஊரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் என்ற கேம் கம்பெனியை 2019-ல் வாங்கி அதோடு சேர்த்துக்கொண்டார்கள். பர்ப்பிள் லைன் மெட்ரோவில் லேப்டாப் பையோடு தூங்கி வழியும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களில் ஒருவன்தான் அந்த மரத்துக்கோ வேலிக்கோ மாதக்கணக்கில் உழைத்திருப்பானோ என்று தோன்றும். நாம் பத்து ரூபாய் கொடுத்துப் பார்த்த உலகத்தில் ஒரு துண்டை நம் பக்கத்து ஆட்கள் செய்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

போலீஸ் விஷயத்திலும் நான் ரெட் டெட் பக்கம். ஆள் இல்லாத காட்டில் தப்புச் செய்தாலும், தேடப்படுபவன் என்று திரையில் ஸ்டார் ஏறிப் போலீஸ் வந்து நிற்பது போதும். பார்த்த கண் இருந்தால் வரட்டும்.

எனக்குள்ள பயம் ஒன்றே ஒன்று. நான்காவது ஆட்டத்துக்கு 2009-ல் இரண்டு துணைக்கதைகள் தனியாக வந்தன, இரண்டும் அருமை. ஐந்தாவது 20 கோடிக்கு மேல் விற்றது, அதற்கு ஒரு துணைக்கதைகூட வரவில்லை. உழைப்பெல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டது. எனக்கு ஆன்லைன் சரிப்படாது. பாப்பா தூங்கிய பிறகு பத்தரை மணிக்கு மேல் ஒரு மணி நேரம், அதுவும் போன் வராத நாளில்தான். அந்த ஒரு மணியில் முகம் தெரியாத ஆட்களோடு மல்லுக்கட்ட எனக்கு ஆசையில்லை, ஒரு கதைக்குள் உட்கார வேண்டும். என்னைப் போன்றவர்களையும் நினைத்துக்கொண்டு செய்திருக்க வேண்டும் என்று மனசாரக் கேட்கிறேன்.

தள்ளிப்போவது பற்றி நீ கோபப்பட்டிருந்தாய். முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26, இப்போது நவம்பர் 19. எனக்குக் கோபம் இல்லை. 2021-ல் நம் பழைய மூன்று ஆட்டங்களையும் புதுப்பித்து விட்டார்களே, வைஸ் சிட்டியும் அதில் ஒன்று, மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடு. ராக்ஸ்டாரே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. பிரேக் சரிபார்க்காத லிஃப்ட்டை எந்தத் தேதி நெருக்கினாலும் நான் ஓடவிடமாட்டேன். அவர்களும் சரிபார்த்தே அனுப்பட்டும்.

இப்போது பிஎஸ் 5. ஆட்டம் பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுக்கும் மட்டும்தான் அறிவித்திருக்கிறார்கள், கம்ப்யூட்டருக்கு இன்னும் சொல்லவில்லை. ஐந்தாவது ஆட்டம் 2013 செப்டம்பரில் வந்தது, கம்ப்யூட்டருக்கு 2015 ஏப்ரலில்தான். அதனால் உன் கடையில் இருக்கும் கம்ப்யூட்டரை நம்பி இருக்காதே. பிஎஸ் 5 வாங்கு, உனக்காக வாங்கு, தப்பில்லை. பையனுக்கு இந்த ஆட்டம் வேண்டாம். அவனுக்குப் பன்னிரண்டு வயசு. இந்த வரிசை பெரியவர்களுக்கானது, அட்டையிலேயே 18 என்று போட்டிருக்கும். நாமும் அந்த வயசில் ஆடினோமே என்று நீ சொல்வாய். ஆடினோம்தான், ஆனால் அன்று ஆள் என்று வந்தது மரக்கட்டைப் பொம்மை மாதிரி இருந்தது. இன்று வலியில் துடிக்கும் முகம் நிஜமாகவே தெரியும். அவனுக்குக் கார் ரேஸ், கிரிக்கெட் வாங்கிக் கொடு. இதில் நீ கண்டிப்பாக இருக்க வேண்டும், நானும் பாப்பாவிடம் அப்படித்தான்.

நவம்பர் 19 வியாழக்கிழமை. சனி, ஞாயிறு நீ இங்கே வா. பிருந்தாவனில் ஏறினால் கன்டோன்மென்ட்டில் இறங்கிவிடலாம், நான் பைக்கோடு நிற்கிறேன். அதற்குள் நானும் ஒரு பிஎஸ் 5 சேர்த்துவிடுவேன், மாதம் கொஞ்சம் எடுத்து வைக்கிறேன். முதல் நாள் மிஷன் எதுவும் வேண்டாம், துப்பாக்கியையும் எடுக்க வேண்டாம். கன்ட்ரோலர் முழுக்க உன் கையில். நீ கடற்கரை ரோட்டுக்குப் போய் யாராவது ஒருத்தனைத் தேர்ந்தெடு, அவன் பின்னால் நட. இந்தத் தடவை நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

வரும்போது முள்ளுக் கத்தரிக்காய் இரண்டு கிலோ கொண்டு வா. இங்கே கிடைப்பதில் அந்த ருசி இல்லை என்று வீட்டில் தினமும் சொல்கிறாள். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன்
அல்சூர்க்காரன்