உன் பேத்தியின் செப்டம்பர் 22

பழைய வண்ணாரப்பேட்டை,
செப்டம்பர் 3.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை மாலை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன்; மிகவும் மகிழ்ந்தார்கள். நானும் நலமாக இருக்கிறேன். கண் அறுவைக்குப் பிறகு சிறிய எழுத்துகளை மறுபடியும் வாசிக்க முடிகிறது என்பதே இந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த பெரிய செல்வம்.

உன் பேத்திக்கு வரும் 22ஆம் தேதி பத்து வயது நிறைகிறது என்றும், தான் பிறந்த தேதியில் உலகில் என்னென்ன நடந்தன, யார் யார் பிறந்தார்கள் என்று எழுதி வரும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள் என்றும், கைப்பேசியில் கிடைத்த பட்டியலைப் படித்துவிட்டு அவள் "தாத்தா, இதில் நமக்குத் தெரிந்தவர் ஒருவருமே இல்லையே" என்று கேட்டாள் என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கேள்வி நான்கு நாட்களாக என்னை விடவில்லை. நம் இருவருக்கும் உறுதியான பிறந்த தேதி என்று ஒன்று கிடையாது என்பது உனக்கு நினைவிருக்கும். பள்ளியில் சேர்த்தபோது தலைமை ஆசிரியர் இருவருக்கும் ஜூன் மாதத் தேதி ஒன்றை எழுதிக்கொண்டார். ஐப்பசி அடைமழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்ற இரவில் நான் பிறந்தேன் என்பதற்கு மேல் என் ஆயாவுக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. அப்படிப்பட்ட நம் கைகளுக்குத் தேதி தெரிந்து பிறந்த குழந்தை ஒருத்தி வந்து, தன் நாளைப் பற்றிக் கேட்கிறாள். அவளுக்கு அந்நியமாகத் தோன்றிய அந்த நாள் நம் ஊருக்கு எவ்வளவு நெருக்கமானது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் 1914. அந்த ஆண்டு செப்டம்பர் 22 ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்த எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல், இரவு ஒன்பதரை மணியளவில் விளக்குகளை அணைத்துக்கொண்டு நம் சென்னைத் துறைமுகத்துக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவு வரை வந்து நின்றது. கப்பல் தலைவன் கார்ல் ஃபான் முல்லர். நகரம் வழக்கம்போல விளக்கொளியில் இருந்தது. அப்போது கலங்கரை விளக்கம் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியிலேயே எரிந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 125 குண்டுகள் வீசப்பட்டன. முதலில் குறிவைக்கப்பட்டவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அவை பற்றி எரிந்த வெளிச்சம் தெரியாத தெரு வடசென்னையில் இருந்திருக்காது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன; எம்டன் காயமின்றி இருளில் மறைந்துவிட்டது.

என் ஆயாவுக்கு அப்போது எட்டு வயது. இராயபுரத்தில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். "கிருஷ்ணாயில் எரிகிற வாசனை நாலு நாளைக்குப் போகவில்லை" என்றுதான் அவர் அந்தக் கதையை ஒவ்வொரு முறையும் தொடங்குவார். வெடிச்சத்தத்தைவிட அந்த வாசனைதான் அவருக்கு நினைவில் நின்றது. மறுநாள் விடிவதற்கு முன்பே அவருடைய தகப்பனார் பிள்ளைகளையும் இரண்டு பித்தளைப் பாத்திரங்களையும் அழைத்துக்கொண்டும் தூக்கிக்கொண்டும் செங்குன்றம் பக்கத்து உறவினர் வீட்டுக்கு நடந்தே போயிருக்கிறார். அவர்களைப் போல அந்த வாரம் நகரத்தை விட்டு வெளியேறியவர்கள் ஏராளம். குண்டு விழுந்த இடத்தைவிட, மறுபடியும் விழும் என்ற பேச்சே ஊரைக் காலி செய்தது.

கைப்பேசிப் பட்டியலில் இந்த நிகழ்ச்சி ஒற்றை வரியில் இருக்கும், அல்லது இல்லாமலே போயிருக்கும். ஆனால் அந்த இரவில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். கப்பல் தலைவனின் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது; அந்த ஐவரின் பெயர்களை நான் வாசித்த எந்தப் பக்கத்திலும் கண்டதில்லை. பேத்தி எழுதும் பக்கத்தில் அவர்களுக்காக ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டாலும் "ஐந்து பேர்" என்ற எண்ணிக்கையாவது இருக்கட்டும்.

எம்டனும் நீண்ட நாள் தப்பவில்லை. ஏழு வாரங்கள்கூட முழுதாக ஆகாத நிலையில், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதைச் சுட்டு முடக்கிவிட்டது. கப்பல் போன பிறகும் பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. யாருக்கும் பிடிபடாத கெட்டிக்காரனை, எதற்கும் துணிந்தவனை, "அவன் சரியான எம்டன்" என்று நம் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு சிறிய துறைமுக ஊரின் பெயர் ஒரு கப்பலுக்குப் போய், அந்தக் கப்பலிலிருந்து வண்ணாரப்பேட்டைப் பேச்சுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பத்து வயதுக் குழந்தைக்கு இது மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று நாம் சிறு வயதில் கேட்ட கதையை மட்டும் சேர்க்க வேண்டாம். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். விடுதலைக்காக அவர் பட்ட பாடு தன்னளவிலேயே பெரியது, அதற்கு இந்தக் கதையின் துணை தேவையில்லை.

அடுத்து, இந்த நாளில் பிறந்தவர்களில் எனக்கு மிக நெருக்கமானவர் மைக்கேல் ஃபாரடே. 1791இல் லண்டனில், ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். அவரை மின்சார விஞ்ஞானி என்று பாடப் புத்தகம் சொல்லிக்கொடுக்கும். அவர் நம் தொழில்காரர் என்பதைச் சொல்லாது. பதினான்கு வயதில் ஒரு புத்தகம் கட்டும் கடையில் சேர்ந்து, ஏழு ஆண்டுகள் பயிற்சிப் பையனாகவே இருந்தார். நாம் தங்கசாலையில் அச்சுத் தாளை ஃபாரமாக மடித்ததைப் போல, நூல் கோத்துத் தைத்ததைப் போல, அவரும் செய்தார். ஒரு வேறுபாடு உண்டு: கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அவர் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அப்படித்தான் அவர் கண்ணில் பட்டது. நாமும் மடிக்கும்போது ஓரிரு வரிகள் படித்தோம், ஆனால் பதினாறு பக்கத்தோடு ஃபாரம் முடிந்துவிடும், அடுத்த ஃபாரம் அடுத்த மேசைக்குப் போய்விடும். பாதியில் நின்ற எத்தனையோ கதைகள் இன்னும் என் மனத்தில் முடியாமலே கிடக்கின்றன.

1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் ஹம்ஃப்ரி டேவி என்ற புகழ்பெற்ற வேதியியலாளரின் சொற்பொழிவுகளுக்கு ஃபாரடேவுக்கு நுழைவுச் சீட்டுக் கொடுத்தார். கேட்டவற்றைக் குறித்து, படங்கள் வரைந்து, ஏறத்தாழ முந்நூறு பக்கங்களை அவர் தம் கையாலேயே தைத்து, அட்டை கட்டி, டேவிக்கு அனுப்பினார். அந்தப் புத்தகமே அவருடைய வேலை விண்ணப்பம். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1831இல் இரும்பு வளையம் ஒன்றில் இரண்டு பக்கமும் கம்பிச் சுருள் சுற்றி, ஒரு பக்கத்தில் மின்சாரத்தைப் பாய்ச்சும்போதும் நிறுத்தும்போதும் மறுபக்கத்தில் மின்சாரம் எழுவதைக் கண்டார். நம் தெருமுனையில் மழைக்காலத்தில் உறுமிக்கொண்டு நிற்கிறதே டிரான்ஸ்பார்மர், அதன் மூதாதை அந்த வளையம்தான். பேசின் பிரிட்ஜிலும் எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் நாம் பார்த்து வளர்ந்த மின் நிலையங்கள் எல்லாம் அவர் கண்ட விதியின்மேல் நடந்தவை. சர் பட்டம் கொடுக்க முன்வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் நாட்களில் அறிவியல் சொற்பொழிவு நடத்தும் வழக்கத்தை 1825இல் அந்த நிறுவனத்தில் ஏற்படுத்தினார். ஒரு மெழுகுவத்தியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் குழந்தைகளிடம் பேசிய பேச்சு இன்றும் படிக்கப்படுகிறது. உன் பேத்தி ஒரு பிறந்த நாளை மட்டும்தான் எழுத முடியும் என்றால், இவருடையதை எழுதச் சொல்.

நம் சினிமாவுக்கும் இலக்கியத்துக்கும் இந்த நாள் இருவரைத் தந்திருக்கிறது. 1930இல் காக்கிநாடாவில் பி. பி. ஸ்ரீநிவாஸ் பிறந்தார், மறு ஆண்டு அதே தேதியில் செகந்தராபாத்தில் அசோகமித்திரன் பிறந்தார். இருவரும் வேறு ஊரில் பிறந்து இந்த நகரத்துக்கு வந்து, இங்கேயே வாழ்ந்து, இங்கேயே மறைந்தவர்கள். ஜெமினி கணேசனுக்கு ஸ்ரீநிவாஸ் பாடிய பாடல்களை நீ மேசையில் தாளம் போட்டுக்கொண்டே முணுமுணுப்பாய். அசோகமித்திரன் இந்த ஊரின் தண்ணீர்ப் பஞ்சத்தை ஒரு நாவலாகவே எழுதியவர். குடத்தோடு வரிசையில் நின்ற நமக்கு அதில் விளக்கம் தேவைப்படவில்லை.

இனி, நாமே சாட்சியாக இருந்த செப்டம்பர் 22. 1986, திங்கட்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்ட் போட்டியின் ஐந்தாம் நாள். நாம் மறு ஆண்டு தினசரி காலண்டருக்கான தாள்களை அடுக்கித் தகரப்பட்டை அடித்துக்கொண்டிருந்தோம். மூலையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலிய அணித் தலைவர் ஆலன் பார்டர் காலையிலேயே ஆட்டத்தை முடித்துக்கொண்டு இந்தியாவுக்கு 348 ரன் இலக்கு வைத்தார். முதல் இன்னிங்ஸில் டீன் ஜோன்ஸ் நம் ஊர் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்து, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு போகப்பட்டதை நாம் மூன்று நாட்களாகப் பேசிக்கொண்டிருந்தோம். கவாஸ்கர் 90 அடித்தபோது ஜெயித்துவிட்டோம் என்றாய் நீ. கடைசி ஓவர்; நான்கு ரன் வேண்டும், ஒரே விக்கெட். கிரெக் மாத்யூஸ் பந்து வீசினார். ரவி சாஸ்திரி இரண்டு ரன்னும் பிறகு ஒரு ரன்னும் எடுத்துச் சமன் செய்தார். மணீந்தர் சிங் நான்காவது பந்தைத் தடுத்தார். ஐந்தாவது பந்தில் எல்.பி.டபிள்யூ.; பந்து மட்டையில் படாமல் காலில் பட்டது என்று நடுவர் விக்ரம்ராஜு கையை உயர்த்திவிட்டார். இரண்டு அணிகளும் இரண்டு இன்னிங்ஸ்களைச் சேர்த்து எடுத்த ரன் 744, 744. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒரு முறை, 1960இல் பிரிஸ்பேனில் இப்படி நடந்திருந்தது. அதற்குப் பிறகு நடக்கவே இல்லை.

பந்து மட்டையில் பட்டது என்று மணீந்தர் பல ஆண்டுகள் சொல்லி வந்தார். விக்ரம்ராஜு அதன் பிறகு ஒரு டெஸ்ட் போட்டியிலும் நடுவராக நிற்கவில்லை. அன்று நீ அந்த நடுவர்மேல் கொண்ட கோபம் இரவு வீடு போகும் வரை தணியவில்லை. நான் இப்போது நினைப்பது வேறு: பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரு ரன் அதிகமாக வேண்டும் என்று விரும்பிய நேரத்தில், தன் கண்ணில் பட்டதைத் தீர்ப்பாகச் சொல்வதற்கு ஒரு மனிதனுக்கு நிறையத் துணிவு வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் உன் கருத்து இன்னும் மாறவில்லை என்றால் தாராளமாக எழுது, மறுபடியும் வாதாடலாம்.

மற்றவை விரைவாக. 1539இல் குரு நானக் கர்த்தார்பூரில் மறைந்தார். 1862இல் ஆபிரகாம் லிங்கன், கிளர்ச்சி செய்த மாநிலங்களில் அடிமைகளாக இருப்பவர்கள் மறு ஜனவரி முதல் நாள் விடுதலை பெறுவார்கள் என்ற முன்னறிவிப்பை வெளியிட்டார். 1980இல் ஈராக் ஈரானுக்குள் படையெடுத்து, எட்டு ஆண்டுகள் நீடித்த போரைத் தொடங்கியது. பிரேசில் கால்பந்து வீரர் ரொனால்டோவின் பிறந்த நாளாகவும் பல பட்டியல்கள் செப்டம்பர் 22ஐக் காட்டுகின்றன. அவர் பிறந்தது 1976 செப்டம்பர் 18. பதிவு செய்யப்பட்டது 22. வியாசர்பாடியில் பந்து உதைக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, அவர்களில் மூவர் தங்கள் சான்றிதழிலும் தேதி வேறுதான் என்றார்கள். உலகக் கோப்பை வென்றவருக்கும் நமக்கும் இந்த ஒன்றில் வேறுபாடு இல்லை என்று தெரிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

குழந்தைக்காக நானே ஒரு நோட்டுப் புத்தகம் தைத்திருக்கிறேன். பசையில் துத்தம் கலந்திருப்பதால் பூச்சி அரிக்காது. முதுகுக்கு நல்ல காலிகோ துணி, நீல நிறம். கை நடுங்குவதால் தையல் முன்போல நேராக வரவில்லை. மூன்றாவது ஃபாரத்தைப் பிரித்து மறுபடியும் தைத்தேன். முதல் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை, அவளே எழுதட்டும்.

தபாலில் அனுப்ப மனமில்லை. 22ஆம் தேதியோ, அன்று பள்ளி இருந்தால் அதற்கு அடுத்த விடுமுறையிலோ, அவளை அழைத்துக்கொண்டு வா. உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. எத்தனை முறை அதைக் கடந்து போயிருக்கிறோம், ஒரு முறைகூட நின்று படித்ததில்லை. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடிக்கு அடுத்த நிறுத்தம்தான், உன் முழங்காலுக்கும் சிரமம் இராது. எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று எழுது, பெரம்பூரில் நிற்கும் ரயிலாக இருந்தால் நல்லது; நான் நடைமேடைக்கே வந்துவிடுகிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

உன் நண்பன்.