சிங்குக்கு அடியிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நெட்டை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுதுமுன் ஒன்றைச் சோதித்துப் பார்க்க நினைத்தேன். ஒரு வாளித் தண்ணீர், மூன்று துண்டுப் பலகை, அவ்வளவுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. குனிந்தால் எழுந்திருக்க எதையாவது பிடிக்க வேண்டியிருக்கிறது. சின்னவள் வேலை மாறிவிட்டாள். வாரம் ஒருமுறை போன் செய்து "நடக்கிறீங்களாப்பா?" என்று கேட்கிறாள், நானும் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் எதைப் பார்த்தாலும் கழற்றிப் பூட்டத் தோன்றுகிறது. வீட்டில் ஸ்க்ரூடிரைவரை ஒளித்து வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சமையலறையை மாற்றப் போகிறாய். வேலை எடுத்தவர், மரச் சிம்பைப் பிசினால் ஒட்டி அழுத்திய சிப்போர்டுதான் போடலாம், ஆயுசுக்கும் வரும் என்கிறார். உன் மச்சானோ அது வெறும் அட்டைப் பெட்டி, நாலு வருஷம்கூடத் தாங்காது என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறாய். இரண்டு பேர் சொல்வதற்கும் என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் போட்ட அலமாரிகள் அவை. மொத்தம் பதினோரு பெட்டி. எல்லாம் ஒரே 18 மில்லிமீட்டர் பலகை, ஒரே நாளில் வந்து இறங்கியவை, ஒரே ஆள் பூட்டியவை. அதில் பத்துப் பெட்டி இன்னும் நன்றாக இருக்கிறது. ஒன்றிரண்டு கீல் ஆடியது, ஒரு தட்டு தொய்ந்திருக்கிறது, மற்றபடி பலகையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினோராவது சிங்குக்கு அடியில் இருந்தது. அது போன வருஷம் போய்ச் சேர்ந்தது.

ஒருநாள் உள்ளேயிருந்த குப்பைக்கூடையை நகர்த்தினேன். கழிவுக் குழாய் இறங்குவதற்காக அடிப்பலகையில் போட்ட ஓட்டையைச் சுற்றிப் பலகை புடைத்துக்கொண்டிருந்தது. மேலே ஒட்டிய வெள்ளைத் தாள் மட்டும் கிழியாமல், கொப்புளத்தின் தோல் மாதிரி விறைத்து நின்றது. ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து லேசாக அழுத்தினேன், புற்றுமண்ணில் இறங்குவதுபோல் இறங்கிவிட்டது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 18 இருந்த இடத்தில் 26. அண்ணாந்து பார்த்தேன். குழாய் வளைவின் மரையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அடுத்த சொட்டு விழ ஏழெட்டு நிமிஷம் ஆனது. கணக்குப் போட்டால் ஒரு நாள் முழுக்கச் சேர்ந்தாலும் இரண்டு தேக்கரண்டித் தண்ணீர்தான். வெள்ளமெல்லாம் வரவேண்டாம் இதற்கு.

அந்தச் சொட்டு பலகையின் நடுவில் விழுந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, துடைத்தால் போயிருக்கும். விழுந்த இடம் ஓட்டையின் ஓரம். ஓட்டை போட்டவர் அறுத்த வாயை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒரு பூச்சு இல்லை, ஓரம் அடைக்கிற சிலிகோன் பசை கொஞ்சம்கூட இல்லை. குழாய் மறைத்ததால் இத்தனை வருஷமும் அது என் கண்ணில் படவில்லை.

இந்தப் பலகையின் சங்கதியே அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. மரச் சிம்பையும் இழைப்புச் சுருளையும் காயவைத்து, பிசினில் புரட்டி, சூட்டில் வைத்து அழுத்தித் தகடாக்குகிறார்கள். மேலும் கீழும் பொடிச் சிம்பு, நடுவில் தடித்த சிம்பு. ஜெர்மனிக்காரரான மாக்ஸ் ஹிம்மெல்ஹெபர் 1930களில் கண்டுபிடித்தது இது. மரத்தில் பலகையாகத் தேறுவது போக மிச்சமெல்லாம் அடுப்புக்குப் போகிறதே என்ற ஆதங்கத்தில் பிறந்த யோசனை. அழுத்தத்தில் நசுங்கிய சிம்பு ஒவ்வொன்றும் பழைய உருவத்துக்குத் திரும்பச் சமயம் பார்த்துக்கொண்டே இருக்கும், பிசின்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. வழக்கமாகப் போடும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின் ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். சிம்பு உப்பும், பிசின் விடும். பிறகு எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் பலகை பழைய பருமனுக்கு வராது. முழு மரம் நனைந்தால் காய்ந்து பெரும்பாலும் பழையபடி அடங்கிவிடும். இது அடங்காது. மேல்பக்கத்தை மெலமைன் என்ற பிசின் ஊறிய அந்த வெள்ளைத் தாள் காப்பாற்றும், ஓரத்துக்குத்தான் காவல் கிடையாது.

வாளிக் கதைக்கு வருகிறேன். செத்த பெட்டியின் நல்ல பக்கத்திலிருந்து இரண்டு துண்டு அறுத்தேன். ஒன்றை அப்படியே விட்டேன். இன்னொன்றுக்கு நாலு ஓரத்திலும் வார்னிஷ் இரண்டு கை அடித்து இரண்டு நாள் காயவைத்தேன். மூன்றாவது, ஈரம் தாங்கும் என்று விற்கிற பச்சை நிறப் பலகைத் துண்டு, தச்சர் ஒருவர் கொடுத்தது. மூன்றையும் ஒரு பகல் ஒரு இரவு தண்ணீரில் போட்டு வைத்தேன். சாதாரணத் துண்டு 22 மில்லிமீட்டருக்கு உப்பி, விரலால் தேய்த்தாலே ஓரம் உதிர்ந்தது. பச்சைத் துண்டு பத்தொன்பதரை. வார்னிஷ் அடித்த சாதாரணத் துண்டு பத்தொன்பதுக்குக் கொஞ்சம் குறைவு! ஒரு வாளியும் ஒரு நாளும் வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது என்று நீ சொல்வாய், தெரியும். ஆனால் விலை உயர்ந்த துண்டைவிட ஓரம் அடைத்த துண்டு தாங்கியதைப் பார்த்தபோது எனக்கு அந்த ஓட்டைதான் ஞாபகம் வந்தது.

பச்சை நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதே. அது வெறும் சாயம். ஈரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் பிசின், பெரும்பாலும் மெலமைன் கலந்தது. ஐரோப்பியத் தரத்தில் ஈரமான இடத்துக்கான வகையை பி3 என்று குறிப்பார்கள், உலர்ந்த இடத்து அலமாரிக்கானது பி2. பலகையில் அல்லது ரசீதில் அப்படி ஏதாவது குறி இருக்கிறதா என்று கேள். இன்னொன்று, ஈரம் தாங்கும் பலகை ஆவியைத் தாங்கும், எப்போதாவது சிந்துவதைத் தாங்கும். தேங்கி நிற்கும் தண்ணீரை அதுவும் தாங்காது.

ஓரத்தில் ஒட்டும் பட்டையையும் பார்த்து வாங்கு. தாள் மாதிரி அரை மில்லிமீட்டர் பட்டையும் உண்டு, இரண்டு மில்லிமீட்டர் பட்டையும் உண்டு. கதவுக்குத் தடிமனானதே நல்லது, இடிபட்டாலும் பெயராது. முன்பக்கம் மட்டும் ஒட்டிவிட்டு, தரையைப் பார்த்த ஓரத்தையும் சுவரைப் பார்த்த ஓரத்தையும் மொட்டையாக விட்டுவிடுவது பல இடத்தில் நடக்கிறது. அங்கேதான் நீ டார்ச்சு அடித்துப் பார்க்க வேண்டும். பெட்டிகள் தரையில் உட்காராமல் பிளாஸ்டிக் கால்மேல் நிற்கட்டும். தரை துடைக்கிற தண்ணீர் போதும், இரண்டு வருஷத்தில் அடி உப்பிவிடும்.

கீல் ஆடுவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது ஈரத்தால் வருவதில்லை, ஸ்க்ரூவால் வருவது. சிம்புக்கு நடுவில் மரை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது. பவர் ஸ்க்ரூடிரைவரால் கடைசியில் ஒரு முறுக்கு அதிகம் கொடுத்தால் போதும், ஓட்டைக்குள் மாவாகிவிடும், பிறகு ஸ்க்ரூ சும்மா சுற்றும். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை திறக்கிற கதவு ஆறாம் வருஷம் சாய்ந்தது. நான் செய்தது: அந்த ஓட்டையை 8 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, அதே அளவு மரக் குச்சியை வெள்ளைப் பசையில் தோய்த்து அடித்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, நடுவில் சின்ன ஓட்டை போட்டு, கையாலேயே ஸ்க்ரூவை ஏற்றினேன். எட்டு வருஷமாக அசையவில்லை. இதே காரணத்தால்தான் சொல்கிறேன், வீடு மாறும்போது இந்தப் பெட்டிகளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டாதே. ஒருமுறை தாங்கும், இரண்டாம் முறை லொடலொடக்கும்.

தட்டு தொய்வது தனி வியாதி. பாரம் அங்கேயே கிடந்தால் பலகை மெல்ல வளைந்துகொண்டே போகும். ஒரு அடிக்கு இவ்வளவு பாரம் என்று ஒரே சீராக அடுக்கி, தட்டின் நீளத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் தொய்வு பதினாறு மடங்காகும். அதனால் அகலமான பெட்டி அழகாக இருக்கிறது என்று மயங்காதே. ஒரு மீட்டர் பெட்டி ஒன்றுக்குப் பதில் அரை மீட்டர் பெட்டி இரண்டு போடச் சொல். எங்கள் வீட்டில் 90 சென்டிமீட்டர் தட்டு ஒன்று இருக்கிறது. வருஷம் ஒருமுறை அதைத் தலைகீழாகத் திருப்பிப் போடுகிறேன், அது அந்தப் பக்கம் தொய்ய ஆரம்பிக்கிறது. நாங்கள் இருவரும் சளைக்கவில்லை.

புதுப் பலகையின் வாசனை தங்கச்சிக்கு ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருந்தாய். அது பிசினிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது, அதனால் அவள் பயத்தை அலட்சியப்படுத்தாதே. குறைவாக வெளிவிடும் பலகைக்கு இ1 என்ற குறி உண்டு, அதைக் கேட்டு வாங்கு. அதுவும் மூடாத ஓரத்தின் வழியாகத்தான் அதிகம் வரும். ஆக, ஓரம் அடைத்தால் தண்ணீர் உள்ளே போகாது, வாசனையும் குறைவாகவே வெளியே வரும். முதல் சில வாரம் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தே வை.

நான் உன் இடத்தில் இருந்தால் சிங்குப் பெட்டியை மட்டும் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் செய்யச் சொல்லிவிட்டு, மிச்சத்துக்குச் சிப்போர்டே போதும் என்பேன். மச்சானுக்கும் மரியாதை, வேலை எடுத்தவருக்கும் சந்தோஷம். பிளைவுட்டாக இருந்தாலும் ஓட்டையின் வாயை அடைக்க வேண்டும், அதுவும் ஓரத்தில் அடுக்கு விடும். நான் என் பெட்டியை முழுதாக மாற்றவில்லை. அடிப்பலகையை மட்டும் எடுத்துவிட்டுப் புதிது போட்டு, அறுத்த இடமெல்லாம் வார்னிஷ் அடித்து, மேலே ஓரம் தூக்கிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று வைத்தேன். இனி சொட்டினால் தட்டில் தெரியும். கூடையை அதன்மேல் வைக்காதீர்கள் என்றேன். வைத்துவிட்டார்கள்.

சிங்க் ஒட்டுவதற்கு முந்தின நாள் எனக்கு ஒரு வார்த்தை சொல். மேடைப் பலகையில் சிங்குக்காக அறுத்த வாயைச் சுற்றி விரலை ஓட்டிப் பார். விரலில் தூள் ஒட்டினால் அன்றைக்கு ஒட்ட விடாதே. வார்னிஷ் அடித்துக் காய்ந்த பிறகு மறுநாள் ஒட்டட்டும். அவர் அவசரப்படுவார். நீ அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்.

அன்புடன்,
குட்டை