இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். போன் போட்டால் சுவிட்ச் ஆஃப் என்றே வருகிறது. சார்ஜர் போயிருக்கும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பழைய விலாசத்துக்குத்தான் எழுதுகிறேன். அந்த ரூமில்தானே இருக்கிறாய்?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். தையிலும் வேண்டாம். கொத்தமல்லி நன்றாக வந்திருக்கிறது. பொங்கல் கழித்துப் பிடுங்கினால் கைச்செலவுக்கு ஆகும்.

இந்த வருஷம் களைதான் ஆளைக் கொன்றுவிட்டது. ஐப்பசியில் விடாமல் பெய்ததில் கரிசலுக்குள் கால் வைக்க முடியவில்லை. வெறித்தபின் இரண்டு மூன்று நாள்தான் பக்குவம், அதை விட்டால் மண் இறுகிக் களைக்கொத்து இறங்காது. உனக்குத் தெரியாததா? அந்த நேரம் பார்த்து ஆள் கிடையாது. எல்லார் வீட்டிலும் ஒரே சமயத்தில் களை, யாரைப் போய்க் கூப்பிட? மிளகாய் முளைத்த முதல் நாற்பது நாள் களையை விட்டுவிட்டால் அப்புறம் எடுத்தும் பிரயோசனமில்லை, செடி நோஞ்சானாகவே நிற்கும். சாரணையைக்கூடக் கொத்திவிடலாம். கோரையை மேலே வெட்டினால் கிழங்கிலிருந்து திரும்பத் தலை நீட்டுகிறது. தோண்டித்தான் எடுக்க வேண்டும். தோண்டினேன். இடுப்பு வலிக்கிறது என்று உன் தங்கச்சி உன்னிடம் சொல்லியிருந்தால் நம்பாதே.

இதற்கு நடுவில் அப்பா டவுனுக்குப் போய்ப் புல் மருந்து வாங்கி வந்துவிட்டார். கடைக்காரர் சொன்னாராம், பயிருக்கு ஒன்றும் ஆகாது என்று. சரி, ஆகாது. ஆனால் அது புல்லைத்தானே கொல்லும்? கோரைக்கு ஏறாது. சாரணையும் கோழிக்கீரையும் அகல இலை. அதைக் கொல்லுகிற மருந்தை அடித்தால் மிளகாய், மல்லி, பருத்தி மூன்றுமே அகல இலைதானே, எது மிஞ்சும்? கேட்டேன். பதில் இல்லை. டப்பா மாட்டுக்கொட்டகைப் பரணில் பிரிக்காமல் இருக்கிறது.

நாம் அடிக்காவிட்டாலும் விடவில்லை. வடக்கு வயலில் நெல்லுக்கு டூ-ஃபோர்-டி அடித்தார்கள், அது அகல இலையைக் கொல்லுகிற மருந்து. புழுதியில் விதைத்த நெல், தண்ணீர் கட்டும் முன்னாலேயே களை ஏறிவிட்டது, அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு வாடைக்காற்று. ஒரு வாரத்தில் நம் வரப்போரப் பருத்தி இலையெல்லாம் அகலம் இல்லாமல் விரல் விரலாக நீண்டு திருகிக்கொண்டது. மிளகாய் அவ்வளவு மோசமில்லை. நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அப்பா போகப் பார்த்தார், பிடித்து உட்கார வைத்தேன். பக்கத்து நிலத்துக்காரர்கள் நாளைக்கும் வேண்டும்.

நீ வேளாண்மைக் காலேஜ் எல்லாம் போனவன் இல்லை. ஆனாலும் போன தடவை வந்தபோது காய்ப்புழுவுக்கு அந்த இனக்கவர்ச்சிப் பொறியைக் கட்டிவிட்டுப் போனாயே, தெருவில் நாலு பேர் வந்து பார்த்தார்கள். 2023-ல் நம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைக்கூட நீதான் முதலில் போனில் அனுப்பினாய். அப்போதெல்லாம் தினமும் பேசுவாய்.

வரப்போரம் ஆமணக்கு போட்டிருக்கிறேன், நீ சொன்னபடிதான். இலையைத் தின்கிற புரொடீனியாப் புழுவின் அந்துப்பூச்சி அதில்தான் முட்டை வைக்கிறது. காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பு ரோமம் மூடிய குவியல் ஒட்டிக்கொண்டிருக்கும். பொரித்துவிட்டால் குஞ்சுப் புழுக்கள் பச்சையைச் சுரண்டி இலை சல்லடையாகிவிடும். அந்த இலையை மட்டும் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டால் தீர்ந்தது. செடிக்குச் செடி மருந்து அடிக்கிற செலவு மிச்சம். மல்லி பூத்திருப்பதால் பூச்சியைத் தின்கிற பொறிவண்டும் நிறைய வருகிறது. ஆனால் இலைப்பேனுக்கு இதெல்லாம் போதாது. கொழுந்து மேல்நோக்கிச் சுருள்கிறதா என்று தினமும் பார்க்கிறேன். கீழ்நோக்கி வளைந்தால் அது முரணைச் சிலந்தி, அதற்கு வேறு மருந்து. அப்பா இரண்டுக்கும் ஒரே டப்பாவைத் தூக்குவார்.

தாத்தா காலத்தில் ஒரே பயிரை நம்பி விதைத்ததே கிடையாது. அந்த வருஷம் தனி மிளகாய் போட்டுப் பட்டது போதும். அந்தக் கடனை நீதான் அடைத்தாய். பத்தொன்பது வயதில் போனவன். அதை நான் மறக்கவில்லை, அப்பாவும் மறக்கவில்லை, வாயைத் திறந்து சொல்லமாட்டார், அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், பணம் அனுப்பாதே. கடன் வாங்கி அனுப்புகிற வேலையும் வேண்டாம்.

உன்னோடு ரூமில் இருந்த முதுகுளத்தூர்ப் பையனைச் சாயல்குடியில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பெட்டியோடு வந்திருந்தான். திரும்பப் போகப்போவதில்லையாம். உன்னைப் பற்றிக் கேட்டேன். “இருக்கான்மா” என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் வெறும் பன்னும் டீயுமாக ஓட்டாதே.

மாசியில் பழம் எடுக்க ஆரம்பித்துவிடுவோம். பறிக்க, களத்தில் காயப்போட, பரமக்குடிக்கு மூட்டை ஏற்ற, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். கூலி கொடுத்துக் கட்டாது. வீட்டு ஆள் ஒருவர் இருந்தால் நல்லது என்று அப்பாவே சொன்னார். நான் சொல்லச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு வா. கூட்டம் சேரும் முன்னாலேயே வந்தாலும் சரி. பூச்சியை இழுக்கப் பொறிக்குள் வைக்கிற அந்தச் சின்னக் குப்பி காலாவதியாகிவிட்டது, இங்கே கடையில் கேட்டால் இல்லை என்கிறார்கள், அங்கே கிடைத்தால் ஐந்தாறு வாங்கி வா. உன் தங்கச்சி ஜிபேயில் ஆயிரம் ரூபாய் போட்டிருக்கிறாள். எதற்கென்று அவளிடம் கேட்காதே.

அம்மா