யார்க் நகரமும் உன் நூறு பவுண்டுக் கணக்கும்

கும்பகோணம்

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்ன ஒரு வார்த்தை இரண்டு நாளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில், லீட்ஸில் படிக்கச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியும் பக்கத்தில் இருக்கும் யார்க் நகரத்துக்கு ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டதற்கு, "நூறு பவுண்டு ஆகும்பா, கல்விக் கடன் தலைமேல் இருக்கும்போது ஊர் சுற்றவா முடியும்?" என்றாய். கடனை நினைத்து நடக்கும் பிள்ளை என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நூறு பவுண்டு என்ற கணக்கு தவறு; முப்பத்திரண்டு வருடம் கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதிய நான் தவறான கணக்கைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. 2023 மார்ச் கடைசியில், அப்போது லீட்ஸில் இருந்த அத்தை வீட்டுக்கு நாங்கள் வந்திருந்தபோது, ஓர் இரவும் இரண்டு பகலும் யார்க்கில் கழித்தோம். அந்தச் செலவு நோட்டை முன்னால் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பயணம். ரயிலில் அரை மணிகூட ஆகாது. உன்னிடம் மாணவர் ரயில் அட்டை இருந்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். நாங்கள் போனது பேருந்தில். லீட்ஸிலிருந்து டாட்காஸ்டர் வழியாகக் கடற்கரை ஊர்கள் வரை போகும் கோஸ்ட்லைனர் வண்டி அது. இங்கிலாந்து முழுவதும் ஒருவழிப் பேருந்துக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்த சமயம் என்பதால் தலைக்கு 2 பவுண்டு கொடுத்தோம். அந்த வரம்பை 2025இல் 3 பவுண்டாக உயர்த்தினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் மாடியில் முன்வரிசையில் உட்கார்ந்தால் அந்த நேரமும் பார்த்த கணக்கில்தான் சேரும்.

இறங்கியதும் நேரே எக்ஸிபிஷன் சதுக்கத்துக்குப் போய்விடு. காலை பத்தேகாலுக்கு அங்கே தன்னார்வ வழிகாட்டிகள் வந்து நிற்பார்கள். 1951 முதல் கட்டணம் எதுவும் வாங்காமல் தங்கள் ஊரைச் சுற்றிக் காட்டுவதை இவர்கள் ஒரு கடமையாகவே செய்துவருகிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். சுமார் இரண்டு மணி நேரம் எங்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். முடிவில் அம்மா ஒரு ஐந்து பவுண்டு நோட்டை மடித்து அவர் கையில் வைக்கப் போனாள். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, அன்பளிப்பு வாங்குவது தங்கள் வழக்கமில்லை என்று சிரித்தபடியே சொல்லிவிட்டார். ஊரின் மேல் இவ்வளவு பிரியம் வைத்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. எத்தனை அவசரம் இருந்தாலும் இந்த இரண்டு மணி நேரத்தை விட்டுவிடாதே, ஏனென்றால் அதற்குப் பிறகு நீ தனியாக எங்கே நடந்தாலும் கல் பேசத் தொடங்கிவிடும்.

அவர் சொல்லித் தந்த முதல் பாடம் பெயர்களைப் பற்றியது. இந்த ஊரில் கேட் என்றால் தெரு, பார் என்றால் வாசல். கி.பி. 71இல் ரோமானியர்கள் எபொராகம் என்று நிறுவிய கோட்டை நகரத்தை 866இல் வட ஐரோப்பாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகள் பிடித்தார்கள். தெருவைக் குறிக்கும் அவர்களுடைய சொல்தான் மிக்கிள்கேட், குட்ராம்கேட் என்று இன்றைக்கும் பெயர்ப்பலகைகளில் நிற்கிறது. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைனை 306இல் படைவீரர்கள் பேரரசனாக அறிவித்ததும் இந்த ஊரில்தான். மின்ஸ்டர் என்ற பெரிய தேவாலயத்துக்கு வெளியே அவனுக்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது.

மதில்தான் நீ பார்க்க வேண்டியவற்றில் தலையாயது, அதற்குக் காசில்லை. காலையில் திறந்து இருட்டுமுன் சாத்திவிடுவார்கள். மொத்தம் ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர்; நடுவில் பழைய காலத்தில் சதுப்பு நிலமாக இருந்த ஓர் இடத்தில் மதில் விட்டுப்போயிருக்கும், அங்கே இறங்கிச் சாலையில் நடந்து மீண்டும் ஏற வேண்டும். முழுவதும் நடக்க நேரமில்லையென்றால் பூதம் பாரிலிருந்து மங்க் பார் வரையுள்ள பகுதியையாவது நட. வலப்பக்கம் தோட்டங்களுக்கு அப்பால் மின்ஸ்டர் தேவாலயத்தின் கோபுரங்கள் உன்னோடு கூடவே திரும்பித் திரும்பி வரும். நாங்கள் போன சமயத்தில் மதிலின் புல்சரிவு முழுவதும் டாஃபொடில் பூத்து மஞ்சளாகக் கிடந்தது. சில இடங்களில் உட்புறம் கைப்பிடியே கிடையாது, மழை பெய்தால் படி வழுக்கும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நடக்காதே.

இந்த மதிலை 1800இல் ஊர் மாநகராட்சியே இடித்துத் தள்ள முயன்றது என்றால் நம்புவாயா? பராமரிப்புச் செலவு ஒரு காரணம், குறுகிய வாசல்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்பது இன்னொரு காரணம். இடிப்பை எதிர்த்துப் பின்னாளில் குரல் கொடுத்தவர்களில் வில்லியம் எட்டி என்ற ஓவியரும் ஒருவர். எக்ஸிபிஷன் சதுக்கத்தில் வழிகாட்டிக்காகக் காத்து நிற்கும்போது உன் முன்னால் இருக்கும் சிலை அவருடையது. அப்படியும் வாசல்களின் முன்கட்டுகள் பல போய்விட்டன. வால்ம்கேட் பாரில் மட்டும் அது முழுதாகத் தப்பியிருக்கிறது, தேடிப் போய்ப் பார்.

மதியச் சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு எடுத்துப் போ. அத்தை கட்டிக் கொடுத்த புளியோதரையை நாங்கள் மியூசியம் கார்டன்ஸ் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்களுக்கு எதிரே புனித மேரி மடாலயத்தின் இடிந்த சுவர் நின்றது. இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1539இல் மூடப்பட்ட மடம் அது. கூரையில்லாத ஜன்னல் வளைவுகளின் வழியே வானம் தெரிந்தது. அதே தோட்டத்தின் ஒரு மூலையில் ரோமானியர் கட்டிய பலகோணக் கோபுரம் இருக்கிறது. அடியில் சிறிய கற்களாக அடுக்கிய ரோமானிய வேலையையும் மேலே பெரிய கற்களால் பின்னால் வந்தவர்கள் எழுப்பியதையும் பக்கத்தில் போனால் கண்ணாலேயே பிரித்துவிடலாம். இதற்கும் கட்டணமில்லை.

ஷாம்பிள்ஸ் சந்தில் எப்போதும் கூட்டம். கசாப்புக்கடைகள் இருந்த தெரு; மேல்மாடிகள் முன்னால் துருத்திக்கொண்டு நிற்பதால் இறைச்சியில் வெயில் படாமல் இருந்திருக்கிறது. கடை முகப்புகளில் இறைச்சியைத் தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகள் இன்னும் இருக்கின்றன, தலையை நிமிர்த்திப் பார்த்தால்தான் தெரியும். அங்கே ஒரு சின்ன வழிபாட்டு இடம் உண்டு. கத்தோலிக்கக் குருமார்களை ஒளித்து வைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு, நீதிமன்றத்தில் பதில் சொல்ல மறுத்ததால் 1586இல் பாரம் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்ட மார்கரெட் கிளித்தரோ என்ற பெண்ணுக்கானது. இரண்டு நிமிடம் உள்ளே உட்கார்ந்துவிட்டு வா. கடைகளில் எதையும் வாங்காதே, விலையெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்காக வைத்தது.

இனி மின்ஸ்டர். 1220 முதல் 1472 வரை, இரண்டரை நூற்றாண்டு கட்டிய கோயில். பகலில் சுற்றிப் பார்க்க நுழைவுச் சீட்டு உண்டு, அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மாலை வழிபாட்டுக்கு வருபவர்களிடம் எதுவும் கேட்பதில்லை. முதல் நாள் மாலை நாங்கள் அப்படித்தான் உள்ளே போனோம். நடுக்கூடத்தைத் தாண்டிப் பாடகர் பகுதிக்கே அழைத்துப்போய் மர இருக்கைகளில் உட்காரவைத்தார்கள். ஒவ்வோர் இருக்கைக்கும் முன்னால் ஒரு சின்ன விளக்கு. பாட்டு ஆரம்பித்தபோது குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கல்லில் பட்டு மேலே போய், பாடி முடித்தவர்கள் வாயை மூடிய பிறகும் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. நான் உட்கார்ந்திருந்த மர இருக்கை இடைக்காலத்தது என்று எண்ணித் தடவிக்கொண்டிருந்தேன். 1829இல் ஜானதன் மார்ட்டின் என்பவன் இதே மாலை வழிபாடு முடிந்ததும் உள்ளேயே ஒளிந்திருந்து, இரவில் தீ வைத்து அந்தப் பகுதியை எரித்துவிட்டான் என்பதும், இப்போதிருப்பவை அதன்பின் செய்தவை என்பதும் மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் சீட்டு வாங்கித்தான் போனோம். நீயும் வாங்கு. கிழக்குப் பெரிய ஜன்னலை வழிபாட்டு நேரத்தில் நிதானமாகப் பார்க்க முடியாது; அதைப் பார்க்காமல் வந்தால் யார்க்குக்குப் போனதாகக் கணக்கில்லை. ஒரு டென்னிஸ் மைதான அளவு வண்ணக் கண்ணாடியில், உலகத்தின் படைப்பும் முடிவும் தீட்டியிருக்கிறார்கள். காவென்ட்ரி ஊரைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் 1405இல் தொடங்கி மூன்றே ஆண்டில் முடித்தார். அவருடைய ஒப்பந்த விவரத்தைப் படித்ததும் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன்: வாரம் 4 ஷில்லிங் (அன்று 20 ஷில்லிங் ஒரு பவுண்டு), ஆண்டுக்கு 5 பவுண்டு, முடித்துக் கொடுத்ததும் 10 பவுண்டு. எல்லாம் சேர்த்து 56 பவுண்டுக்குச் சற்று மேல். அறுநூறு ஆண்டுக்குப் பிறகு, 2008இல் தொடங்கி 311 கண்ணாடிப் பலகைகளையும் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பொருத்தப் பத்து ஆண்டு ஆகியிருக்கிறது. அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றேன். சீட்டுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பென்னிக்கும் நான் வருந்தவில்லை.

வருந்திய இடம் வேறு. வெளியே வந்ததும் பளபளப்பான விளம்பரத்தைப் பார்த்து ஒரு தனியார் காட்சிக்கூடத்துக்குள் இருவரும் போனோம். பொம்மைகளும் இருட்டும் கூச்சலும்தான் இருந்தன, இருபது நிமிடத்தில் வெளியே வந்தாயிற்று. அந்தத் தொகையை நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். தெருவில் ஆள் நின்று துண்டுச்சீட்டு கொடுத்துக் கூப்பிடும் எந்த இடத்துக்கும் நீ போக வேண்டாம்.

கிளிஃபர்ட் கோபுரத்துக்கு உள்ளே போகக் கட்டணம், மேட்டின் அடியில் நின்று பார்க்கக் கட்டணமில்லை. நாங்கள் அடியில்தான் நின்றோம். 1190 மார்ச்சில், அப்போது அங்கிருந்த மரக்கோட்டைக்குள் தஞ்சம் புகுந்த யூதர்களை ஊர்க்கும்பல் வளைத்துக்கொண்டது. சுமார் 150 பேர். பலர் கும்பலின் கையில் அகப்படுவதைவிடத் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள், உயிர்ப்பிச்சை தருவதாகச் சொன்னதை நம்பி வெளியே வந்தவர்களையும் வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கும்பல் செய்தது என்ன தெரியுமா? மின்ஸ்டருக்குப் போய், அங்கே பாதுகாப்பாக வைத்திருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்தியது. கும்பலுக்குத் தலைமை தாங்கியவர்கள் யூதர்களிடம் பட்ட கடன் அதில் இருந்தது. நான்கு ஆண்டுக்குப் பின் அரசு, இப்படிப்பட்ட பத்திரங்களுக்கு நகல் எடுத்துப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று விதி செய்தது. வாழ்நாளெல்லாம் கடன் பத்திரங்களோடு இருந்தவன் நான். நகல் வைக்கும் விதியின் பின்னால் இத்தனை உயிர்கள் இருந்திருக்கின்றன என்பது அந்த மேட்டடியில் நிற்கும்போது நெஞ்சை அடைத்தது. அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. மேடு முழுவதும் டாஃபொடில் செடிகள். ஆறு இதழ் கொண்ட அந்தப் பூ யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரத்தை நினைவூட்டுவதால் நட்டவை.

தேசிய ரயில் அருங்காட்சியகமும் இலவசம். 1938இல் மணிக்கு 126 மைல் ஓடி, நீராவி எஞ்சின்களில் உலக சாதனை படைத்த மல்லார்ட் அங்கே நிற்கிறது, அந்த நீல நிறத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கால் ஓய்ந்துபோன பின்மதியத்துக்கு ஏற்ற இடம்.

இந்த ஊரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். யார்க் சாக்லேட்டுக்குப் பேர்போன ஊர். ரௌண்ட்ரீ குடும்பத்தின் ஆலை இங்கேதான் இருந்தது, கிட்காட் 1935இல் அங்கிருந்துதான் வந்தது. அந்த வீட்டுப் பிள்ளை சீபோம் ரௌண்ட்ரீ 1899இல் யார்க்கின் உழைக்கும் குடும்பங்கள் 11,560ஐ வீடு வீடாக விசாரிக்கவைத்தார். தாய் தகப்பனும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒரு குடும்பம் உடல்தளராமல் இருக்க வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்று கணக்கிட்டார். வறுமைக்கோடு என்று நாம் பத்திரிகையில் படிக்கிறோமே, அதை இப்படிக் கணக்குப்போட்டுக் காட்டிய முன்னோடி ஆய்வுகளில் அது ஒன்று. ஊர் மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர் வறுமையில் இருப்பதாக 1901இல் அவர் வெளியிட்டார். அந்தத் தொகையில் வாழ்வது எப்படி இருக்கும் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். ரயிலுக்கோ பேருந்துக்கோ ஒரு பென்னி செலவழிக்கக் கூடாது. அரைப் பென்னி நாளிதழ் வாங்கக் கூடாது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கூடாது, ஏனென்றால் தபால்தலைக்குப் பணம் இருக்காது.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது உன் தாத்தா நினைவுக்கு வந்தார். நான் சென்னையில் படித்த மூன்று வருடமும், அரிசி ஆலைக் கூலியிலிருந்து பதினைந்து பைசா அஞ்சலட்டை வாங்கி மாதம் தவறாமல் எழுதினார். ஆனால் பேருந்துக் கட்டணத்துக்கு வழியில்லாமல், நான் படித்த கல்லூரியை ஒரு தடவைகூட வந்து பார்க்காமலே போய்விட்டார். நீ அப்படி ஒரு கோட்டுக்குக் கீழே வாழவில்லை. வாழாத பிள்ளை, வாழ்வதுபோல் தன்னைச் சுருக்கிக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆகையால் நேற்று உன் கணக்கில் 40 பவுண்டுக்கான ரூபாயைப் போட்டிருக்கிறேன். போய்வரப் பேருந்து, மின்ஸ்டர் சீட்டு, ஒரு நல்ல தேநீர், எல்லாம் போக மீதியும் இருக்கும். காலையில் போய் மாலை வழிபாடு முடிந்து கடைசி வண்டிக்கு முன்னால் திரும்பிவிடலாம், தங்கத் தேவையில்லை; திரும்பும் வண்டி நேரத்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள். இதை வாடகையிலோ கல்விக் கடனிலோ சேர்த்துவிடாதே. என் செலவு நோட்டில் 2023ஆம் ஆண்டுப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது. நீ போய்வந்த கணக்கைப் பென்னி விடாமல் எழுதி அனுப்பு, அதில் ஏற்றி வைக்கிறேன். கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்ளச் சொல்லி அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள், மதில்மேல் காற்று அதிகமாம்.

அன்புடன்,
அப்பா