இலக்கணத்தை மனு எழுதவும் சொல்லிக்கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக நீங்கள் வெளியிடும் தமிழ் வழிகாட்டிப் பக்கத்தை எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வெட்டி வைத்துப் படிக்கிறார்கள். அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் இலக்கணம் எப்போதும் ஒரு வரைவிலக்கணம், ஓர் உதாரணம் என்பதோடு முடிந்துவிடுகிறது. உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் என்று அணிகளை வரிசையாக ஒப்புவிக்கும் பிள்ளைக்கு, தான் குடியிருக்கும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) கூரை ஒழுகுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுத வருவதில்லை. இது எனக்குப் பெரிய கவலை.

செயப்பாட்டுவினையை எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் திருத்தக் கொண்டுவந்த ஒரு மனுவில் இப்படி இருந்தது: "தகரங்கள் கழற்றப்பட்டன. புதியவை தரப்படும் என்று சொல்லப்பட்டது. இதுவரை எதுவும் செய்யப்படவில்லை." கழற்றியது யார்? தருவதாகச் சொன்னது யார்? செயப்பாட்டுவினையில் செயப்படுபொருள் எழுவாயாகிவிடும். செய்தவர் 'ஆல்' உருபு ஏற்றுப் பின்னுக்குப் போவார். அப்புறம் அந்தச் சொல்லையே விட்டுவிட்டாலும் வாக்கியம் குறையில்லாமல் நிற்கும். பொறுப்பைத் தட்டிக்கழிக்க நினைப்பவருக்கு இது வசதி. முறையிடுகிறவர் ஏன் அப்படி எழுத வேண்டும்? "ஜனவரியில் தோட்ட நிர்வாகம் எங்கள் தகரங்களைக் கழற்றியது. ஒரு மாதத்தில் புதிது போடுவதாக முகாமையாளர் சொன்னார்" என்று செய்வினையில் எழுதினால், மனுவைப் படிக்கிற அதிகாரி யாரைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூல், ஒரு நூலுக்கு ஆகாத 10 குற்றங்களைச் சொல்கிறது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வதோடு சரி. அதை வைத்துத் தங்கள் கடிதத்தைத் தாங்களே திருத்தலாம் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நம் மனுக்களில் அடிக்கடி வருவது 'மற்றொன்று விரித்தல்', அதாவது சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரித்துச் சொல்வது. தண்ணீர்க் குழாய் கேட்டு எழுதுவார்கள். நம் தோட்ட மக்களின் 200 ஆண்டுத் துயரம் முக்கால் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். குழாய் கடைசி வரியில் வரும். அந்தத் துயரம் முழுக்க உண்மை, அதை எழுதத்தான் வேண்டும். அதற்குத் தனிக் கட்டுரை எழுதட்டும். 'குன்றக் கூறல்' இதற்கு நேர்மாறு: எந்தப் பிரிவு, எத்தனை குடும்பம், எந்தத் திகதி என்று எதுவும் இராது.

'கூறியது கூறல்' பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மனுவில் அது குற்றம்தான். ஆனால் நம் பெண்கள் பாடும் ஒப்பாரியில் ஒரே சொல் அதே பொருளில் திரும்பத் திரும்ப வரும்போது நெஞ்சு அடைத்துப் போகிறதே, அது குற்றமா? இல்லை. அணி நூலார் அதைச் 'சொற்பொருள் பின்வருநிலை' என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் கையாண்ட அணி அது. ஒப்பாரியிலும் கொழுந்து பறிக்கும்போது பாடிய பாட்டுகளிலும் இருந்தே அணிகளுக்கு உதாரணம் காட்டினால், நம் பிள்ளைகள் இலக்கணத்தை அந்நியமாக நினைக்கமாட்டார்கள். ஒரே காரியம் ஓரிடத்தில் குற்றமாகவும் இன்னோரிடத்தில் அழகாகவும் ஆவது ஏன் என்று வகுப்பில் ஒரு பாடவேளை பேசினாலே போதும். பத்து வரைவிலக்கணம் தராத தெளிவு அதில் கிடைக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வழிகாட்டிப் பக்கத்தில் வாரம் ஒரு மாணவர் கடிதத்தைப் பெயர் இல்லாமல் வெளியிட்டு, அதன் பக்கத்திலேயே திருத்திய வடிவத்தையும் போடுங்கள். எந்த வாக்கியத்தை ஏன் மாற்றினீர்கள் என்பதை இந்த இலக்கணச் சொற்களைக் கொண்டே விளக்குங்கள். எங்கள் பகுதிப் பிள்ளைகளின் கடிதங்களைச் சேர்த்து அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை,
பொகவந்தலாவை