எங்கள் கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

இலங்கைக்கு வந்து குடியேறிய சமூகங்களைப் பற்றிக் கொட்டாஞ்சேனையில் நாங்கள் நடத்திய கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. மண்டபத்தையும் மேசைகளையும்தான் நாங்கள் ஏற்பாடு செய்தோம். அங்கே பார்க்கக் கிடைத்த மற்ற எல்லாமே உங்கள் வீட்டு அலுமாரிகளிலிருந்து வந்தவை.

முதல் நன்றி, மாத்தளையிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மாவுக்கு. தென்னிந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த அவருடைய பூட்டனார் கழுத்தில் கட்டியிருந்த தகர வில்லையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். அதில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதை அதைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியபோதும் அந்த வீட்டார் இதைத் தொலைக்கவில்லை. "சின்னப் புள்ளைங்க கண்ணுக்கு எட்டுற மாதிரி வைங்க" என்று மட்டும் கேட்டார். அப்படியே வைத்தோம்.

கொம்பனித்தெரு மலாய் ஐயாவுக்கும் பெரிய நன்றி. அரபு எழுத்தில் மலாய் எழுதிய பழைய கொப்பியைத் தந்ததோடு, பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்து, வந்த பிள்ளைகளுக்கு வாசித்துத் தமிழில் விளக்கமும் சொன்னார். 1869இலேயே கொழும்பிலிருந்து மலாய்ப் பத்திரிகை ஒன்று வெளிவந்ததை எங்களில் பலர் அவரிடம்தான் கேட்டறிந்தோம். புறக்கோட்டை மணிக்கூட்டுக் கோபுரத்தை 1923இல் கட்டியது ஒரு பார்சிக் குடும்பம் என்ற செய்தியும் பலருக்குப் புதிதாக இருந்தது. தினமும் அதைக் கடந்துதானே போகிறோம்!

செட்டியார் தெருவிலிருந்து பழைய நகைத் தராசு தந்தவர்கள், விளக்க அட்டைகளைச் சிங்களத்தில் எழுதித் தந்த ஆசிரியை, வழிகாட்டிய மாணவர்கள், மழையிலும் தேத்தண்ணி கொண்டுவந்த பக்கத்து வீட்டார், எல்லோருக்கும் நன்றி. அப்புறம் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை அண்ணன்மார்: கண்ணாடிப் பெட்டிகளை ஒரு கீறல் விழாமல் மாடிக்கு ஏற்றித் தந்தார்கள்.

கொழும்பில் இப்படி வந்து குடியேறியவர்களின் கதைக்கென்று நிரந்தரமாக ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்பது எங்கள் ஆசை. 1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தில் கண்டி மன்னரின் சிம்மாசனம் இருக்கிறது. சரி, அது அங்கே இருக்க வேண்டியதுதான். தகர வில்லையோடு வந்தவருக்கும் ஓரிடம் வேண்டாமா? இதில் சேர்ந்து உழைக்க விருப்பமுள்ளவர்கள் எங்களோடு கதையுங்கள்.

பொருள் தந்தவர்கள் நாங்கள் கொடுத்த பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். போன் எடுத்துச் சொல்லிவிட்டு, நாங்களே வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் உங்கள் கையில் தருவோம்.

இப்படிக்கு,
ஏற்பாட்டுக் குழுவினர்,
கொழும்பு 13